அசையாமல் நாலு நிமிஷம்

எடைமேடைக்காரரின் மனைவி மங்கிப்போனது ஒரு புதன்கிழமை காலை ஆறு இருபதுக்கு. அவர் அதைக் கவனித்தது பதினோரு நாள் கழித்து. இதைப் பற்றிப் பேசிய எல்லோரும் முதல் செய்தியைவிட இரண்டாவதைத்தான் அதிகம் பேசினார்கள். ஆள் மங்குவது எங்கேயாவது யாருக்காவது நடக்கக்கூடியதுதான். ஆனால் பதினோரு நாள் ஒரே வீட்டில் இருந்து, ஒரே மேஜையில் சாப்பிட்டு, எதிரே இருக்கிற மனுஷியின் கழுத்து வழியாகச் சுவர்க் கடிகாரம் தெரிவதைப் பார்க்காமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள். அவருக்கு அந்தத் திறமை இருந்தது.

மற்றபடி அவர் கெட்டவர் இல்லை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை திரும்பும் இடத்தில் லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு இருபத்தேழு வருஷமாக வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும், ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவார், கண்ணாடிக்குள் எண்கள் கொஞ்ச நேரம் தத்தளித்து ஓயும். ஓய்ந்த எண்ணை அவர் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பணியில் அவர் பேசவேண்டிய ஒரே வாக்கியம் "அசையாம நில்லுங்க" என்பதுதான். அதைச் சொல்லிச் சொல்லி அவரும் அசையாதவராகிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மனைவி இதற்கு நேர் எதிர். மருந்துக் கடையில் அவருக்கு வேலை. ஏணியில் ஏறி மேல்தட்டு இருமல் மருந்தை எடுத்து இறங்கும்போதே கீழ்த்தட்டு மாத்திரை கையில் இருக்கும். வீட்டிலும் காலில் சக்கரம் கட்டினதுபோல்தான். சாப்பிடும்போதுகூட நாற்காலியின் நுனியில் பாதி உட்கார்ந்து, பாதி எழுந்த நிலையிலேயே சாப்பிடுவார். குடும்ப ஆல்பத்தில் எந்தப் படத்திலும் அவர் முழுசாக இல்லை. கல்யாணப் படத்திலேயே, யாருக்கோ நாற்காலி இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் பிறந்தநாள் படங்களில் ஒரு முழங்கை, ஒரு முந்தானை, வாசல் பக்கம் போகிற ஒரு முதுகு. மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போன பிறகும் வீட்டில் வேலை குறையவில்லை. எப்படிக் குறையாமல் பார்த்துக்கொண்டார் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

கேமரா மனைவியின் தம்பியுடையது. வேலை மாறிப் போகும்போது பெட்டியில் இடமில்லை என்று இவர்கள் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷம் அது தலையணை உறைகளுக்கு நடுவே தூங்கியது. எடைமேடைக்காரருக்கு நாற்பத்தொன்பது முடிந்த வாரத்தில் லாரிகள் எல்லாம் வேலைநிறுத்தம் செய்தன. மூன்று நாள் மேடை காலியாகக் கிடந்தது. லாரி நின்று மறைக்காத ஜன்னல் வழியாக அவர் வெளியே பார்த்தார். எதிரே மலை இருந்தது. மலைக்குக் கீழே ஏரி இருந்தது. இருபத்தேழு வருஷமாக அவை அங்கேயேதான் இருக்கின்றன என்று பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் அடித்துச் சொன்னபோது, அவருக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மறுநாள் தலையணை உறைகளை ஒதுக்கிக் கேமராவை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் ஃபிலிமில் முப்பத்தாறு படம். ஏழில் அவருடைய விரல். மீதியில் உச்சிவெயிலில் வானம் வெறும் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. எல்லாவற்றிலும் ஏரி வலது பக்கம் சாய்ந்திருந்தது. "சார், இதை மேஜை மேல வெச்சா தண்ணி கீழ ஊத்திடும்போல இருக்கே" என்றார் படம் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர். எடைமேடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் மேடையின் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கொண்டுவந்து கேமராவின் தலையில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை முக்காலியின் கால்களைத் திருகித் திருகி எடுத்தார். அப்படியும் கை பட்டுச் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் படம் எடுக்க வருகிற நாலைந்து பேரோடு பழக்கமானது அப்போதுதான். அதில் ஒருவர் பல் டாக்டர். இயற்கைக் காட்சியென்றால் முன்னால் ஒரு கல்லாவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கண் போய் உட்கார இடமில்லை என்பது அவர் கொள்கை. போகிற இடத்தில் நல்ல கல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சொந்தமாகவே ஒரு கல்லைக் கார் டிக்கியில் வைத்திருந்தார். அவர் எடுத்த மலை, ஏரி, வயல், பாலம் எல்லாவற்றிலும் முன்னால் அதே கல்தான் இருக்கும். ஒருவரும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

ஓடுகிற தண்ணீரைப் பால் மாதிரி ஆக்குவது எப்படி என்று சொன்னவரும் டாக்டர்தான். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை வைத்து, மூடியைத் திறந்து, நிமிஷக்கணக்கில் விட்டுவிடவேண்டும். அலை, மேகம், அசைகிற எதுவும் கரைந்து போகும், அசையாதது மட்டும் நிற்கும். அந்தக் கண்ணாடி கடையில் கிடைக்காமல், எடைமேடைக்காரர் வெல்டிங் பட்டறையில் கண்ணுக்குப் போடுகிற கரும்பச்சைக் கண்ணாடியில் ஒன்றைக் கேட்டு வாங்கி ரப்பர் பேண்ட் போட்டு மாட்டினார். அதை மாட்டிவிட்டால் கேமராவுக்குள் கண்ணை வைத்தாலும் ஒன்றும் தெரியாது, ஒரே இருட்டு. எல்லாவற்றையும் முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு நம்பிக்கையில்தான் எடுக்கவேண்டும். இதை அவர் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை ஏரியில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. வருஷத்தில் இரண்டு மூன்று வாரம்தான் அப்படி இறங்கும். எடைமேடைக்காரர் நாலு நிமிஷத்துக்குத் திறந்து வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாலு நிமிஷத்துக்குள் மனைவி ஃப்ளாஸ்க்கில் டீயோடு கேமராவுக்கு முன்னால் குறுக்கே வந்தார். வழியில் ஃப்ளாஸ்க் மூடி விழுந்துவிட்டது, அதை எடுக்கத் திரும்பிப் போனார், மறுபடி வந்தார். படித்துறை நாய் ஒன்றும் அவர் பின்னாலேயே ஓடியது. எடைமேடைக்காரர் டீயை வாங்கிக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஃபிலிம் முடிந்து, கழுவி, படம் கைக்கு வரப் பதினோரு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டு மேஜையில் உறையைப் பிரித்தார். ஏரி காய்ச்சி ஆறவைத்த பால் மாதிரி இருந்தது. மலை கத்தரித்து ஒட்டினது மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரி சாயவில்லை. கேமராவைத் தொட்ட நாளிலிருந்து முதல் தடவையாக மட்டம் சரியாக வந்திருந்தது. ஈ காக்கை இல்லாமல், வெண்மையும் அமைதியுமாக ஒரு படம். மனைவி பக்கம் தள்ளினார்.

"நான் எங்க?" என்றார் மனைவி.

"நீ எங்க இதுல வந்த?"

"ரெண்டு தரம் குறுக்க போனேனே. டீ கொண்டாந்தேன். மூடிய எடுக்கப் போனேன்."

"அதான் இதுல விசேஷமே. நாலு நிமிஷம் திறந்து வெச்சா நடக்கறவங்க யாரும் விழமாட்டாங்க" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். மணி எட்டே முக்கால். மனைவியின் கழுத்துக்கு நடுவில் தெரிந்த கடிகாரத்தில் எட்டே முக்கால். முள், எண்கள், கடிகாரம் செய்த கம்பெனியின் பெயர் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அவர் முகத்தில் ஈயாடவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டார். புதன்கிழமையிலிருந்து என்றார் மனைவி. போன புதனா? அதுக்கு முந்தின புதன். டீ ஊற்றும்போதே விரல் வழியாகக் கப் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க எப்பப் பாப்பீங்கன்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் எடைமேடைக்காரர் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். மனைவியோ பால்காரர் வரவில்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எடைமேடைக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று முழுக்க அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

மறுநாள் காலை, லாரிகள் வருவதற்கு முன், மனைவியை எடைமேடையில் ஏற்றி நிறுத்தினார். அறுபது கிலோ. அந்த மேடை ஐந்து கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டாது என்றாலும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆள் குறையவில்லை, தெரிவதுதான் குறைந்திருக்கிறது. போடுகிற உடையும் அரைமணி நேரத்தில் அவர் நிறத்துக்கே வந்துவிட்டது. வெல்டிங் கண்ணாடியின் பச்சை வேறு லேசாக ஏறியிருந்தது. மருந்துக் கடையில் அவருக்குப் பின்னால் இருக்கிற தட்டுகள் தெரிந்ததால், வாடிக்கையாளர்கள் தாங்களே பார்த்து, "அதோ, உங்க தோளுக்குப் பின்னாடி, ரெண்டாவது பாட்டில்" என்று கைகாட்ட ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு வேலை சீக்கிரம் முடிவதில் திருப்தி. மகள்தான் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மாவ என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள். ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் மட்டும் ஃபோனில் பேசினாள், அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வழி காட்டியது நாய்தான். அதுவும் அன்றே மங்கியிருந்தது, ஆனால் அதற்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அந்த வருஷத்துப் பனியின் கடைசி நாளில் எடைமேடைக்காரர் எந்த நோக்கமும் இல்லாமல், மனசு கேட்காமல், அதே இடத்தில் முக்காலியை நிறுத்தி அதே கண்ணாடியை மாட்டி நாலு நிமிஷம் திறந்து வைத்தார். நாய் வந்து நேர் எதிரே சுருண்டு படுத்துத் தூங்கியது. நாலு நிமிஷம் முடிந்து அது எழுந்து சோம்பல் முறித்தபோது, பழைய பழுப்பு நிறத்தில், கல்லால் அடித்தால் படும்படி கெட்டியாக நின்றது. வால் மட்டும் இல்லை. கனவில் வாலை ஆட்டியிருக்கும்போல. டாக்டர் வந்து நாயைத் தடவிப் பார்த்து, வாலையும் தடவிப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்தார். கேமரா எடுத்ததைக் கேமரா திருப்பிக் கொடுக்கும், ஆனால் அசையக் கூடாது என்பது அன்றைக்கு ஊர்ஜிதமானது. பனி இல்லாத நாளில் அது எதையும் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்பதை அடுத்த வாரமே முயன்று தெரிந்துகொண்டார்கள். ஆகவே அடுத்த பனிக்குக் காத்திருந்தார்கள்.

அந்த வருஷம் முழுக்க எடைமேடைக்காரர் முறையாகக் கற்றுக்கொண்டார். சூரியன் எந்த மாதம் எந்த மலைக்குப் பின்னால் எழுகிறது, பனி எந்தக் காற்றில் நிற்கும், எதில் ஓடும், வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் எத்தனை வினாடி கூட்டவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் கூடத் தவறாமல் கண்ணும் கருத்துமாகப் பழகினார். பனி வந்தது. டாக்டர் தன் கல்லை ஏரிக்கரையில் இறக்கி, துண்டு விரித்து, எடைமேடைக்காரரின் மனைவியை அதில் உட்காரவைத்தார். எடைமேடைக்காரர் கேமராவுக்குப் பின்னால் நின்று, தொழில்முறையில், "அசையாம இரு" என்றார். ஒன்றரை நிமிஷம் மனைவி சிலை மாதிரிதான் இருந்தார். பிறகு ஃப்ளாஸ்க் மூடி சரியாக மூடாமல் இருப்பது கண்ணில் பட்டது. எழுந்து போய் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாலு நிமிஷம் முடிந்தபோது முன்பிருந்ததில் பாதிதான் மிச்சம். கழுத்து வழியாகக் கடிகாரம் மட்டும் இல்லை, இப்போது கடிகாரத்தில் படிந்த தூசியும் தெரிந்தது. அவரே அதைத் துடைத்தார்.

இரண்டாம் வருஷம் ஃப்ளாஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். கண்ணில் படும்படி எதுவும் இருக்கக் கூடாது என்று டாக்டர் சுற்றிலும் காகிதம், சருகு எல்லாம் பொறுக்கினார். இந்தமுறை இரண்டரை நிமிஷம். கேமராவுக்குப் பின்னால் எடைமேடைக்காரர் குளிரில் இரண்டு தரம் இருமினார். "மப்ளர எங்க வெச்சீங்க? சொன்னா கேக்கறதே இல்ல" என்றபடி மனைவி எழுந்து வந்து தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றிவிட்டார். சுற்றுகிற கையை அவரால் பார்க்கவே முடியவில்லை. ஸ்வெட்டர் தானாக வந்து சுற்றிக்கொண்டது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு சாய்வெயில் படும்போது மட்டும்தான் மனைவி தெரிந்தார், அதுவும் சுடுசோற்றின் ஆவி அளவுக்கு. மற்ற நேரங்களில் குரல், காலடிச் சத்தம், மருந்துக் கடை வாசனை. மருந்துக் கடையில் மாத்திரைகள் தாமாகக் கவுண்டருக்கு வந்தன. சிலர் அதைப் பார்ப்பதற்கென்றே தலைவலி வரவழைத்துக்கொண்டார்கள். எடைமேடைக்காரர் மறுபடி அவரை மேடையில் நிறுத்திப் பார்த்தார். அறுபது கிலோ. காலியான மேடை அறுபது கிலோ காட்டியதைப் பார்த்து அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அழுதார். லாரி ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தும் வெளியே வரவில்லை.

மூன்றாம் வருஷம் அவர் போகவில்லை. பனி இறங்கியது தெரிந்தும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார். நாலாம் வருஷத்துப் பனிக்கு முன்பே கேமரா, முக்காலி, ரசமட்டம், வெல்டிங் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, டாக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று வாசலில் வைத்தார். மறுநாள் காலை பை மேஜை மேல் இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. எதிர் நாற்காலி கொஞ்சம் பின்னால் இழுபட்டது. மனைவி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டார், நுனியில்தான் என்பதையும் ஊகித்தார்.

"இந்த வருஷமும் போகலையா?" என்றது குரல்.

"வேணாம். இன்னொரு தரம் அசைஞ்சா மிச்சம் ஒண்ணும் இருக்காது. குரலாவது இருக்கட்டும்."

"நான் ஏன் எந்திரிச்சேன்னு கேட்டீங்களா?"

"மூடி. அப்புறம் என் இருமல்."

"அதெல்லாம் சாக்குங்க." மேஜைத் துணியின் சுருக்கம் ஒன்று தானாக நீவப்பட்டது. "சும்மா உட்கார்ந்தா எனக்குப் பயமா இருக்கு. எதையாவது செஞ்சுட்டே இருந்தா யாராவது ஒருத்தர் கூப்பிடுவாங்க, இதக் குடு, அத எடுன்னு. சும்மா உட்கார்ந்திருக்கறவள யாரு பாப்பா?"

"நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்? கேமராவுல?"

"அந்தக் கண்ணாடிய மாட்டினப்புறம் அதுல ஒண்ணுமே தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

துணி மடித்துக்கொண்டே கேட்ட ஒரு வார்த்தையைக்கூட மனைவி மறக்கவில்லை. நாலு நிமிஷமும் தான் இருட்டையும் கைக்கடிகாரத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது எடைமேடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லின் மேல் தனியாக உட்கார்ந்து யாராவது பார்க்கிறார்களா என்று தவித்திருக்கிறாள், இரண்டு வருஷமும். பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பல் டாக்டர் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை கேமராவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் அவள்கூட உட்காரப்போகிறேன் என்றார். டாக்டர் பதறினார். அவங்க எழுந்து உங்க குறுக்கே நடந்தா, நீங்களும் பின்னாலேயே எழுந்தா, ரெண்டு பேருமே போயிடுவீங்களே, அப்புறம் நான் யாருக்குப் பதில் சொல்றது என்று கேட்டார். போனால் போகிறது என்றார் எடைமேடைக்காரர். டாக்டருக்கு இருந்த அடுத்த கவலை, கல் இரண்டு பேருக்குப் பற்றாது என்பது. நாலு ஆட்களை வைத்துப் பெரிய கல் ஒன்றை டிக்கியில் ஏற்றினார். கார் பின்பக்கம் குந்திக்கொண்டே ஏரிக்கு வந்தது.

பனி நன்றாக நின்ற ஒரு காலை. காற்று இல்லை. ஏரியும் கரையும் ஒன்றாகிக் கிடந்தன, மலைகள் அந்தரத்தில் மிதந்தன. படித்துறை நாய் தெரியாத வாலை ஆட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு ஏனோ கேமராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. எடைமேடைக்காரர் கேமராவைப் பார்க்காமல், ஏரியையும் பார்க்காமல், மனைவி பக்கம் முகத்தைத் திருப்பிக் கல்லில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பனிக்குள் கொஞ்சம் அடர்த்தியான பனி, அவ்வளவுதான். "உட்கார்ந்துட்டியா?" என்று கேட்டார். "ம்" என்றது பனி. "வாய மூடிக்கங்க ரெண்டு பேரும்" என்றார் டாக்டர். "முப்பது வருஷமா எத்தனையோ பேர அசையாம உட்கார வெச்சிருக்கேன். கண்ணு இமைக்கறது பரவாயில்ல. மூச்சு விடலாம். மத்தது எல்லாம் அப்புறம்." திறந்துவிட்டார்.

முதல் நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. எடைமேடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரி ஏறி நின்றதும் எண்கள் தத்தளிக்கிற மாதிரி பனிக்குள் ஏதோ தத்தளித்தது. பிறகு ஸ்டூடியோக்காரரின் தட்டில் காகிதம் கிடந்து படம் மேலே வருமே, அப்படி, முதலில் ஸ்வெட்டரின் பித்தான்கள் வந்தன. காது வந்தது. காதோரம் நரைத்திருந்தது. இந்த நரை எப்போது வந்தது என்று நினைத்தார். மூக்கின் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு. அது கல்யாணத்துக்கு முந்தியதாக இருக்கும், இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறார். இரண்டாம் நிமிஷத்தில் கண்கள் வந்தன. அவை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. தன்னை இவ்வளவு நேரம் ஒருவர் பார்ப்பதும் இதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தோன்றியது. கூச்சமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்றுகூட வந்துவிட்டது. திருப்பவில்லை. மனைவியின் முழங்கால் ஒருமுறை எழுந்துகொள்ளப் பார்த்தது, அவர் கண்களை விடாமல் பிடித்துக்கொண்டதும் தானாக அடங்கியது. மூன்றாம் நிமிஷத்தில் மனைவி கல்லின் நுனியில் இல்லை, முழுசாக உட்கார்ந்திருந்தார். மருந்துக் கடையும் ஏணியும் அடுப்பும் துணியும் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தன. எடைமேடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அசையக் கூடாதே என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

மூன்றே கால் நிமிஷத்தில் அவர் நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. டாக்டர் தூரத்திலிருந்து அதைப் பார்த்துக் கடவுளே கடவுளே என்று முணுமுணுத்தார். மனைவி உடம்பில் ஒரு அணுவும் அசையவில்லை, முகம் அசையவில்லை, தோள் அசையவில்லை. வலது கை மட்டும், அவருக்கே தெரியாமல்தான் இருக்கும், மடியிலிருந்து எழுந்துபோய்க் கணவன் நெற்றியில் கொசுவைத் தட்டிவிட்டு, அங்கேயே ஒரு வினாடி தங்கி, திரும்பி மடிக்கு வந்தது. நாலு நிமிஷம் முடிந்தது. டாக்டர் மூடியைப் போட்டார். கல்லில் இரண்டு பேர் இருந்தார்கள். மனைவி முழுசாக, கெட்டியாக, காதோரத்தில் மட்டும் துளிப் பச்சையோடு இருந்தார். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. இருந்தது, தெரியவில்லை. எடைமேடைக்காரர் மனைவியின் மடியில் துழாவி அதைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். டாக்டர் மலையைப் படம் எடுக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த பனியில் கையை மட்டும் படம் எடுத்துவிடலாம், கல்லின் மேல் வைத்தால் போதும், மிஞ்சினால் லேசாகக் கட்டி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மகளும் ஃபோனில் அதையே சொன்னாள், அதுவும் அப்பாவிடமே சொன்னாள். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "இது இப்படியே இருக்கட்டும். ஓரிடத்துல நின்னா அது என் கையே இல்ல" என்றார். மருந்துக் கடையில் பழகிவிட்டது. எடுத்துக் கொடுக்கிற கை தெரியாது, மருந்து வந்து சேர்ந்துவிடும். பனிக்காலத்தில் இரண்டு பேரும் கேமரா இல்லாமலே ஏரிக்குப் போய் நாலு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். சில வருஷம் பத்து நிமிஷம்கூட ஆகிறது. டாக்டர் பெரிய கல்லைத் திரும்ப ஏற்ற ஆள் கிடைக்காமல் அங்கேயே விட்டுவிட்டார்.

அந்தப் படத்தை ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் தங்கள் கண்காட்சியில் சேர்க்கவில்லை. இதில் இயற்கை எங்கே இருக்கிறது, நடுவில் இரண்டு பேர் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு மறைக்கிறார்களே என்றார்கள். உற்றுப் பார்த்தால் மடியிலிருந்து நெற்றிவரை ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு மட்டும் தெரியும். இன்னொன்று, அன்றைய பதற்றத்தில் யாரும் ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. ஏரி பழையபடி வலது பக்கம் சாய்ந்திருந்தது. எடைமேடைக்காரருக்கு அது உறுத்தியது. மனைவி அதைச் சட்டம் போட்டுக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சட்டத்தை இடது பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டார். ஏரி நேராகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் படம் கோணலாகத் தொங்குகிறதே என்று எழுந்துபோய் நேராக்கிவிட்டு உட்காருவார்கள். பேச்சுக்கு நடுவில், மனைவி அந்தப் பக்கம் போய்த் திரும்பியிருப்பார், யார் கையும் பட்ட மாதிரி இருக்காது, படம் பழையபடி சாய்ந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் கவனிப்பதில்லை. எடைமேடைக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார்.